தரகு பெங்கி: தீ வைக்காத காடு என்ன ஆனது?

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் பேருந்து, பண்ணாரி தாண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்ததும் காற்று மாறிவிடும். அங்கிருந்து ஹாசனூர் வரை சன்னலோர இருக்கைக்காரர்கள் தூங்க மாட்டார்கள். யானை தெரியுமா, காட்டெருமை தெரியுமா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். பெரும்பாலும் தெரிவது ஒரு பச்சைச் சுவர்தான். ஆள் உயரத்துக்கு மேல், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சாலையின் இரண்டு பக்கமும். அதன் மேல் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த குட்டிக் குட்டிப் பூங்கொத்துகள். நம்மில் பலர் சின்ன வயதில் இதன் கறுப்புப் பழத்தைப் பறித்துத் தின்றிருப்போம். இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான வாசனையும் மறந்திருக்காது. உண்ணிச்செடி. அந்தச் சுவருக்குப் பின்னால் பத்தடியில் யானை நின்றாலும் பேருந்திலிருந்து தெரியாது. யானைக்கும் அந்தச் சுவருக்குள் தின்ன ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் சோளகர்கள். ஈரோடு மாவட்ட மலைகளிலும், எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிளிகிரி ரங்கன மலையிலும், மாதேஸ்வரன் மலையிலும் வாழ்பவர்கள். கர்நாடகத்தில் சோலிகர் என்பார்கள். மாநில எல்லை நமக்குத்தான்; காடும் ஆளும் ஒன்றுதான். இந்தச் செடி ஏன் இப்படி மண்டியது என்று பிளிகிரி ரங்கன மலையின் மூத்த சோளகர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டபோது கிடைத்த பதில் எளிமையானது. செடி அப்போதும் இருந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக. காட்டில் தீ வைப்பதை நிறுத்தினார்கள், அப்புறம் அது ஏறிக்கொண்டது.

காட்டுத் தீ என்றாலே 'ஐயோ' என்று பதறும் நமக்கு இந்தப் பதில் தலைகீழாகத் தெரியும். வனத்துறைக்கும் அப்படித்தான் தெரிந்தது. சூழலியல் ஆய்வாளர்களுக்கும் முதலில் அப்படித்தான். அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சோளகர்கள் வைத்த தீக்கு ஒரு பெயர் உண்டு: தரகு பெங்கி. தரகு என்றதும் நமக்குக் கமிஷன் ஞாபகம் வரும். அவர்கள் பேச்சில் அது உதிர்ந்து காய்ந்த இலை. பெங்கி என்றால் தீ. ஆக, சருகுத் தீ. பெயரிலேயே அளவு இருக்கிறது. எரிய வேண்டியது சருகு மட்டும்தான், மரம் இல்லை.

இந்தத் தீயின் சூட்சுமம் எல்லாம் நேரத்தில்தான். பிளிகிரி ரங்கன மலையின் கீழ்ச்சரிவுகளில் இருப்பவை இலையுதிர் காடுகள். மழை நின்று, குளிர் இறங்கி, தை மாதவாக்கில் இலைகள் உதிரத் தொடங்கும். அப்போது இரவில் இன்னும் பனி பெய்யும், மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும், தரையில் சருகு மெல்லிய படுக்கையாகத்தான் கிடக்கும். இந்த நேரத்தில் வைக்கும் தீ முழங்கால் உயரத்துக்கே திணறும். ஊர்ந்து போகும், ஈரமான இடம் வந்தால் தானாக அணையும், பொழுது சாய்ந்து பனி இறங்கினாலும் அணையும். அதே காட்டில் பங்குனி, சித்திரையில் தீப்பிடித்தால் கதையே வேறு. சருகு கணுக்கால் ஆழத்துக்குக் குவிந்திருக்கும், புல் முழுக்கக் காய்ந்திருக்கும், காற்றும் சூடாக இருக்கும். அது மரத்தின் மேல் ஏறும்.

அதனால் தையில் வைக்கும் சின்னத் தீ சித்திரையில் வரக்கூடிய பெருந்தீக்கு முன்கூட்டியே போடும் வேலி. ஏற்கெனவே எரிந்து கறுத்த திட்டுகளுக்கு வந்ததும் பெருந்தீக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. மூன்று மாதம் கழித்து நடக்கப்போவதை நினைத்து இன்றைக்கு ஒரு குச்சியைக் கொளுத்துவதை எதிர்காலத் திட்டமிடல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? நாம் அந்தச் சொல்லைப் பவர்பாயின்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

வேறு பயன்களும் இருந்தன. முதல் மழை விழுந்ததும் எரிந்த இடத்தில் இளம்புல் துளிர்க்கும். மானும் காட்டெருமையும் அங்கே வரும். உண்ணிகள் குறையும் (செடி இல்லை, கடிக்கிற உண்ணி). கிழங்குக் கொடி எங்கே முளைக்கிறது என்று தெரியும். எல்லாவற்றையும்விட, கண்ணுக்கு வழி கிடைக்கும். தேனுக்கும் நெல்லிக்காய்க்கும் தினம் காட்டுக்குள் நடக்கிறவர்களுக்கு இருபதடி முன்னால் கரடி படுத்திருக்கிறதா என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை.

எல்லா இடத்திலும் தீ வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலை உச்சியில் ஈரம் ஊறிய சோலைக் காடு உண்டு, ஓடைக்கரைக் காடு உண்டு, தெய்வம் குடியிருக்கும் இடங்கள் உண்டு. ஓடையோரம் நிற்கும் தொட்டசம்பிகே என்ற பழைய செண்பக மரம் அவர்களுக்குக் கோயில். தரகு பெங்கி சருகு விழும் காட்டுக்கான வேலை. எந்தக் காட்டுக்கு எந்த வேலை என்ற பிரிவினை அதற்குள் இருந்தது.

1974ல் அந்த மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. அதன் 30வது பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து விளையும் விதத்தில் யாரும் அதற்குள் தீ வைக்கக் கூடாது என்கிறது. காடு மாற்றிக் காடு கேழ்வரகும் அவரையும் விதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிலையான குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். அந்தக் குடியிருப்புகளுக்குப் 'போடு' என்று பெயர். தீ வைத்தால் வழக்கு என்று ஆனது. சில ஆண்டுகளில் தரகு பெங்கி பழங்கதை ஆனது.

பிறகு நடந்ததற்குக் கணக்கு இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்தே அந்த மலையில் வேலை செய்கிறது. 1997ல் மலை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தாவரக் கணக்கெடுத்தார்கள். 2008ல் அதே இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். உண்ணிச்செடி இருந்த இடங்கள் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தன. வெறும் பதினோரு ஆண்டுகள்தான். இந்திய வனவிலங்கு நிறுவனம் நாடு முழுக்கப் புலிகள் வாழும் காடுகளை வைத்துப் போட்ட கணக்கில் இந்தச் செடி பிடித்திருக்கும் பரப்பு 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் பரப்பே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். 1800களின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கப்பலில் வந்து இறங்கியது, சொந்த ஊர் தென் அமெரிக்கப் பக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆய்வாளர்கள் தங்கள் எண்ணத்தைத் திரும்பிப் பார்த்த விதம். 2005ல் அங்கிலா ஹிரேமத், பரத் சுந்தரம் இருவரும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். தீ பிடித்தால் உண்ணிச்செடி பரவும், பரவிய செடி காய்ந்து அடுத்த தீக்கு விறகாகும், அந்தத் தீ மேலும் செடியைப் பரப்பும் என்ற சுழற்சி. உலகின் பல இடங்களில் அந்நியப் புற்களுக்கு இது நடந்திருக்கிறது, எனவே நியாயமான ஊகம்தான். இதன்படி பார்த்தால் தீ வைத்தவர்கள்தான் குற்றவாளி. சில ஆண்டுகள் கழித்து அதே இருவரும் வேறு ஆய்வாளர்களும் சோளகர்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே கதை நேர் எதிராக வந்தது: தீ நின்றதால்தான் செடி வந்தது. ஆய்வாளர்கள் இதை 'நாட்டார் நம்பிக்கை' என்று ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிடவில்லை. தங்கள் சொந்தக் கருதுகோளுக்குப் போட்டியான விளக்கமாக எடுத்துக்கொண்டு, 2012ல் அதை எழுதி வெளியிட்டார்கள்.

சோளகர் விளக்கத்தின் தர்க்கம் இது. உண்ணிச்செடியின் வாழ்வில் இரண்டு பருவங்கள் உண்டு. முளைத்து ஓரிரு ஆண்டு ஆன கன்று பென்சில் கனம்கூட இருக்காது. தரையோடு ஊரும் இலேசான தீயே அதைக் கருக்கிவிடும். முற்றிய புதர் அப்படியில்லை. மேலே எரித்தாலும் வேரிலிருந்து துளிர்க்கும். ஆண்டுதோறும் இலேசான தீ ஓடிக்கொண்டிருந்த வரை பறவைகள் எச்சத்தில் போட்ட விதைகள் முளைத்தும் முற்ற முடியாமல் போயின. தீ நின்ற பிறகு முற்றிவிட்டது. முற்றிய பிறகு தீ அதற்கு நண்பன். ஆக, இரண்டு கதைகளும் பொய் இல்லை; வெவ்வேறு காலத்து உண்மைகள். விஞ்ஞானிகள் 1990களில் பார்த்தது ஏற்கெனவே மாறிய காட்டை. மாறுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதற்குக் கணக்கெடுப்பும் கிடையாது, செயற்கைக்கோள் படமும் கிடையாது. இருந்தது சில மனிதர்களின் ஞாபகம் மட்டும்தான்.

நெல்லி மரத்தின் கதையும் இதே மாதிரி. காட்டு நெல்லிக்காய் சோளகர்களின் முக்கிய வருமானங்களில் ஒன்று. பறித்துப் போய்ப் பழங்குடிக் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுப்பார்கள். மரங்கள் குறைந்துகொண்டே வந்தபோது, அளவுக்கு மீறிப் பறிப்பதால்தான் என்ற சந்தேகம் வெளியிலிருந்து வருவது வழக்கம். சோளகர்கள் மரத்தின் மேல் கையைக் காட்டினார்கள்: புல்லுருவி. நெல்லியின் கிளையில் ஒட்டி, அதன் சாற்றை உறிஞ்சி வாழும் செடி. அவர்கள் மொழியில் உப்பிலு. ஒரு கிளையில் ஆரம்பித்து மரத்தையே சாகடிக்கும். முன்பு தரகு பெங்கியின் சூடும் புகையும் பட்டுப் புல்லுருவி கருகிவிடும், இப்போது கருகுவதில்லை என்றார்கள். ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு இந்தச் சொற்களையே தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொண்டு ஆய்வு செய்து 2010ல் வெளியிட்டது. அதுவரை பறிப்பது அதிகமா குறைவா என்று காய்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு, தீக்கும் புல்லுருவிக்கும் நெல்லிக்கும் உறவு இருக்கலாம் என்ற கேள்வியே அந்த மலைக்காரர்களிடமிருந்துதான் வந்தது.

ஏன் அவர்களுக்குத் தெரிந்தது? மூதாதையர் ஞானம், மரபணுவில் ஊறியது என்றெல்லாம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம். ஒரே மரத்தடிக்கு ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் போனார்கள். போன முறை ரெண்டு கிளையில் இருந்த உப்பிலு இந்த முறை ஆறு கிளையில் இருந்தால் கண்ணில் படும், அடுத்த முறை காய் குறையும் என்று தெரியும், காய் குறைந்தால் அரிசி வாங்கக் காசு குறையும் என்பதும் தெரியும். பலித்தால் வயிறு நிறையும், பிசகினால் காயும் என்ற நிலையில் செய்யும் முன்கணிப்பு கவனமாகத்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடிகள் பலர் கிழங்கு தோண்டும்போது கொடியின் தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டு மூடிவிட்டு வருவதும் இதே கணக்குத்தான். அடுத்த ஆண்டும் இங்கேதான் வரப்போகிறோம், வேறெங்கும் இல்லை.

அதனால்தான் 2006ல் அந்தச் சரணாலயத்தில் வனப்பொருள் சேகரிப்பையும் நிறுத்தியது இரட்டை இழப்பு. வருமானம் போனது ஒன்று. மரத்தடிக்குப் போகும் காரணமே போனது இன்னொன்று. போகாத இடத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது, அவர் எந்தக் குலத்தில் பிறந்திருந்தாலும் சரி.

சரி, வனத்துறையின் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. நீலகிரிப் பகுதியில் முதுமலைக் காடுகளை வைத்து நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன், ராமன் சுகுமார் ஆகியோர் 2004ல் வெளியிட்ட ஆய்வு, 1900களின் தொடக்கத்தில் ஒரே இடம் மறுபடி எரிய ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆயின, 1990களில் அது 3 ஆண்டுகளை நெருங்கிவிட்டது என்றது. இவ்வளவு அடிக்கடி எரிந்தால் மரக்கன்று எப்படி மரமாகும்? இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம். தடை இருந்த காலத்தில்தான் தீ கூடியிருக்கிறது. தடை நிறுத்தியது ஒருவகைத் தீயை: தையில், பகலில், ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் தீயை. நிற்காதது இன்னொரு வகை: கோடையில், பீடித் துண்டிலோ வன்மத்திலோ பிறந்து, யாரும் பக்கத்தில் இல்லாமல் ஓடும் தீ. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் சில நாட்களில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது ஞாபகம் இருக்கலாம். உண்ணிப்புதர் மண்டிய காடு அது.

இன்னொரு வேடிக்கை, வனத்துறை இந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒரு முறை படித்துத் தேறிவிட்டது, பிறகு மறந்தும் விட்டது. 1864ல் டீட்ரிக் பிராண்டிஸ் தலைமையில் இந்திய வனத்துறை உருவானபோது தீயைத் தடுப்பதுதான் விஞ்ஞான வனவியலின் அடையாளம் என்று கருதினார்கள். இன்றைய மத்தியப் பிரதேசத்தின் போரிக் காட்டில் பியர்சன் என்ற அதிகாரி தீயைத் தடுத்துக் காட்டியது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. முப்பது ஆண்டுகள் போயின. பர்மாவின் தேக்குக் காடுகளில் தீயை வெற்றிகரமாகத் தடுத்த இடங்களில் தேக்குக் கன்றுகளே முளைக்கவில்லை. மூங்கிலும் புதரும் மூடிக்கொண்டன. 1896ல் ஸ்லேட் என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று துறையின் சொந்தப் பத்திரிகையிலேயே எழுதினார். பெரிய சண்டை நடந்தது. 1920கள் வாக்கில் பல இடங்களில் துறையே கோடைக்கு முன்னால், ஈரம் இருக்கும்போதே எரிக்கும் முறைக்கு வந்து சேர்ந்தது. தரகு பெங்கிக்குச் சீருடை போட்ட மாதிரி. மலைவாசிகளிடம் கற்றோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இன்றும் கோடைக்கு முன் வனத்துறை ஆட்களைக் கொண்டு தீத்தடுப்புக் கோடு போடுகிறது; கோட்டில் இருப்பதை வெட்டிக் கட்டுப்படுத்தி எரிப்பார்கள். அந்தக் கூலி வேலைக்கு வருபவர்களில் பலர் பழங்குடியினர். கோட்டுக்குள் எரித்தால் சம்பளம், கோட்டுக்கு வெளியே எரித்தால் குற்றம்.

இதே கணக்கு வேறொரு கண்டத்தில் எப்படி முடிந்தது என்று பார்ப்பது இங்கே பயன்படும். ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் ஆர்னெம் லேண்ட் என்ற பெரும் பீடபூமி. அங்கத்திய பினிஞ் மக்களுக்கு ஆண்டில் ஆறு பருவங்கள். யெக்கே என்ற பருவத்தில், காலையில் மூடுபனி இருக்கும், ஒருவகை யூகலிப்டஸ் மரம் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். எரிக்கத் தொடங்கலாம் என்பதற்கு அதுதான் சீட்டு. 1900களின் நடுவில் அந்த மக்கள் மிஷன்களுக்கும் ஊர்களுக்கும் இடம்பெயர, பீடபூமி ஆளில்லாமல் போனது. ஆளில்லாத காடு இயற்கையாகச் செழிக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது, ஆண்டுதோறும் கோடைக் கடைசியில் கட்டுக்கடங்காத பெருந்தீ. தீ தாங்காத சைப்ரஸ் பைன் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், பாறை ஓவியர், 2000களின் தொடக்கத்தில் வயதான காலத்தில் பீடபூமிக்கே குடும்பத்தோடு திரும்பிப் போனார். 2009ல் காலமானார். இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் இருப்பது அவர்கள் மரபு. மறைவுக்குப் பிறகு வாமுட் நாமொக் என்றே குறிப்பிட்டார்கள், நானும் அப்படியே விடுகிறேன். அவரைப் போன்ற மூத்தவர்களும் தீ விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கியதுதான் 2006ல் தொடங்கிய மேற்கு ஆர்னெம் லேண்ட் தீத் திட்டம். சுமார் 28,000 சதுர கிலோமீட்டர். முன்பருவத்தில் திட்டுத் திட்டாக எரிப்பதால் பின்பருவப் பெருந்தீ குறைகிறது. பெருந்தீ குறைந்தால், பூமியைச் சூடாக்கும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியேறுவது குறைகிறது. அந்தக் குறைவை அளந்து, டார்வின் நகரில் இயற்கை எரிவாயு ஆலை நடத்திய நிறுவனம் ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று 17 ஆண்டுகளுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. எரிவாயு நிறுவனம் தான் வெளியிடும் வாயுக்களின் கணக்கைச் சரிக்கட்டப் பழங்குடியின் தீக்குப் பணம் தருவதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தப் பணத்தில் ஆட்கள் ஊர் திரும்பினார்கள்.

அங்கே இளைஞர்கள் ஹெலிகாப்டரில் பறந்து தீக்குண்டு போடுகிறார்கள், செயற்கைக்கோள் படத்தில் எரிந்த பரப்பைச் சரிபார்க்கிறார்கள். எந்த மேடு, எந்தப் பள்ளம், எந்த வாரம் என்பதைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். சிலர் இதைப் பார்த்துவிட்டு 'இது மரபு அறிவா?' என்று கேட்பார்கள். தீக்குச்சி வந்தபோதும் யாரோ கேட்டிருப்பார்கள்.

நம் பக்கம் சட்டம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 2006ன் வன உரிமைச் சட்டம், காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு உரிமை உண்டு என்கிறது. மரபு அறிவின் மீதான சமூக உரிமையையும் தனியே சொல்கிறது. பிளிகிரி ரங்கன மலை 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அங்குள்ள சோளகர்களின் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இது நடந்தது அதுவே முதல் முறை. அதற்குப் பின்னால் சோளகர் அமைப்புகளின் நீண்ட உழைப்பு இருக்கிறது. தங்கள் தெய்வ இடங்களை ஒவ்வொன்றாக நடந்து போய் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வரைபடமாக்கினார்கள். சோளகர் சமூகத்திலிருந்து முதன்முதலில் முனைவர் பட்டம் பெற்ற சி. மாதேகவுடா அந்த வேலையில் முன்னால் நின்றவர்களில் ஒருவர். நிர்வகிக்கும் உரிமை வந்துவிட்டது. நிர்வாகத்தில் தீயும் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் 30வது பிரிவு குறுக்கே படுத்திருக்கிறது.

ஆனால் சட்டம் நாளைக்கே வழிவிட்டாலும் சோளகர்கள் மறுநாள் தீக்குச்சியோடு கிளம்ப முடியாது. இதைத்தான் மரபு அறிவைக் கொண்டாடும் கட்டுரைகள் பல தவறவிடுகின்றன. தரகு பெங்கி என்பது சருகு மெல்லியதாகக் கிடந்த, புல் முளைத்த, வெளிச்சம் விழுந்த ஒரு காட்டுக்கான வேலை. இப்போது அந்தக் காடு இல்லை. ஆள் உயரப் புதருக்கு அடியில் தை மாதத்தில் நெருப்பு வைத்தாலும் அது சருகுத் தீயாக இருக்காது; புதரைப் பிடித்துக்கொண்டு மரத்தின் உச்சிக்குப் போகும். அம்பது ஆண்டுகள் செய்யாமல் விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர முடியவில்லை. முதலில் புதரை எடுக்க வேண்டும்.

அது நடந்துகொண்டும் இருக்கிறது, மெதுவாக. தமிழ்நாடு அரசு 2022ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை கொண்டுவந்து, புலிகள் காப்பகங்களில் உண்ணிச்செடியை எடுக்கத் தொடங்கியது. மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அந்தக் குச்சியை வேகவைத்துத் தோல் உரித்து நாற்காலியும் கூடையும் செய்யப் பழகினார்கள். பிரம்பு கிடைக்காத ஊரில் உண்ணிக்குச்சி பிரம்பானது. நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் அதே குச்சியில் நிஜ அளவு யானைகளைப் பின்னினார்கள். அந்தக் காட்டில் நிஜமாகத் திரியும் யானைகளைப் பார்த்து, அளவும் நடையும் பிசகாமல். 2021ல் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. இங்கிருந்து கப்பலேறிய களைக்கு அங்கே செல்ஃபி எடுக்கக் கூட்டம்.

அழகான வேலைதான். ஆனால் நாற்காலிக்கும் யானைக்கும் வேண்டிய குச்சி எவ்வளவு, மலையில் இருக்கும் செடி எவ்வளவு என்று பார்த்தால் கடலில் மொண்ட சொம்புதான். தவிர, வேரோடு எடுத்த இடத்திலும் கதை முடிவதில்லை. முதல் மழைக்கு ஊசி ஊசியாகப் புல் வரும், மான் வரும், எல்லோரும் சந்தோஷமாகப் படம் எடுப்பார்கள். அந்தப் புல்லுக்கு நடுவே, கூர்ந்து பார்த்தால், ரம்பப் பல் விளிம்போடு எதிரெதிராக இரண்டிரண்டு இலை விட்ட பென்சில் கனக் கன்றுகளும் வந்திருக்கும். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த விதைகள் அவை. ஒவ்வொரு ஆண்டும் யாராவது வந்து அந்தக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். அல்லது, அவை முற்றுவதற்குள், சருகு இன்னும் மெல்லியதாக இருக்கும்போது, பனி விழும் மாதத்தில் யாராவது ஒரு குச்சியைக் கொளுத்த வேண்டும்.

எங்கே, எந்த நாள், எந்தக் காற்றில், எவ்வளவு தூரம் விடலாம், எங்கே நின்று அணைக்கலாம் என்பது தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சரணாலயம் வந்த 1974ல் அப்பனோடு கூடப் போய்த் தரகு பெங்கி வைத்த பையனுக்குப் பதினைந்து வயது என்று வைத்துக்கொண்டால், இப்போது அவருக்கு அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும்.